47 என்ற எண்ணும் ஒரு தொலைபேசி அழைப்பும்

கேள்வி:

எனக்கு வயது 41. திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் அப்பா இறந்துவிட்டார். அம்மா அதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டார். அப்பா 31 வருடம் பஸ் நடத்துநராக இருந்தவர். கடைசிப் பதினான்கு வருடமும் எங்கள் ஊரில் ஒரே டவுன் பஸ், தடம் எண் 47. ஊரில் அவருக்குப் பெயரே 'நாற்பத்தேழு கண்டக்டர்'தான்.

அவர் போன பிறகு இந்த 47 என்னை விடாமல் துரத்துகிறது. கடிகாரத்தைப் பார்த்தால் 47-ஆவது நிமிடம். முன்னால் போகும் வண்டியில் 47. வங்கியில் யாராவது நீட்டும் டோக்கனில் 47. தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு காகம் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. போன மாதம் வீட்டுப் பத்திரம் எடுப்பதற்காக அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவருடைய விசில் கிடைத்தது. அதைக் கையில் எடுத்த அதே நொடியில் கைப்பேசி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாள். 'கண்டக்டர் அய்யா வீடுதானே? ரொம்ப நாளாகத் தேடி இன்றுதான் இந்த நம்பர் கிடைத்தது. ஒருநாள் மழையில் அவர் எனக்குச் செய்த உதவி இருக்கிறதே...' என்று ஆரம்பித்தார். அப்பா இல்லை என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச முடியாமல் வைத்துவிட்டேன்.

ஊர் வீட்டை விற்கத் தம்பி அவசரப்படுகிறான். அவன் மகளின் படிப்புக்குப் பணம் வேண்டும். வந்திருக்கும் விலை 47 லட்சம். அப்பா விற்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்று தடுக்கிறாரா? என் கணவர், 'உனக்கு மூளை குழம்பிவிட்டது' என்கிறார். இதெல்லாம் வெறும் தற்செயலா? எது தற்செயல், எது நமக்கென்று வருவது என்று எப்படிப் பிரித்து அறிவது?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொன்ன சொல்லுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மூளை குழம்பவில்லை. இருபத்திரண்டு வருடங்களாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். பெற்றவரையோ துணையையோ பறிகொடுத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களில், 'ஒரு விஷயம் சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்களே' என்று குரலைத் தாழ்த்தாதவர்கள் குறைவு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது என்பார்கள். மூக்குப்பொடி வாசனை வந்தது என்பார்கள். 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாக, சிலர் பார்த்ததாகவும் குரல் கேட்டதாகவும் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. பலருக்கு அது பயத்தைவிட ஆறுதலையே தந்திருந்தது. சமையல் செய்துகொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் இருந்த சாதாரண மனிதர்கள் அவர்கள். இந்தப் பத்தியை உங்கள் கணவரிடமே படிக்கக் கொடுங்கள். எட்டு மாதம் என்பது துக்கத்துக்குப் பெரிய காலம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. எண், காகம், தொலைபேசி அழைப்பு, வீட்டின் விலை என்று நான்கையும் ஒரே முடிச்சாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் நான்கும் நான்கு வகை.

எண்ணை எடுத்துக்கொள்வோம். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களில் நான்கும் ஏழும் அடுத்தடுத்து வருவது எத்தனை என்று நானே உட்கார்ந்து எண்ணினேன். பத்தாயிரத்தில் 299. நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வங்கிக்குப் போவதற்குள் 200 வண்டிகள் கண்ணில் பட்டால் அவற்றில் சராசரியாக ஆறு வண்டிகள் 47-ஐச் சுமந்துகொண்டு போவது இயல்பு. அதோடு நீங்கள் இருப்பது திருச்சியில். பக்கத்து மாவட்டமான கரூரின் வண்டிப் பதிவுக் குறியீடே 47. உங்கள் சாலையில் கரூர் வண்டிகளுக்குக் குறைவா? கைப்பேசியை நாளில் அறுபது முறை எடுத்து மணி பார்ப்பவர் சராசரியாக ஒரு முறை 47-ஆவது நிமிடத்தைப் பார்ப்பார். டோக்கன் ஐம்பதைத் தாண்டும் எந்த நாளிலும் 47-ஆவது டோக்கன் யாரோ ஒருவர் கையில் இருந்தே தீரும். எண்களுக்கு நடுவிலேயே நாள் முழுவதும் வாழ்கிற வேலை உங்களுடையது.

அப்படியானால் முன்பு ஏன் தெரியவில்லை? முன்பும் கண்ணில் பட்டது. மனம் அதை நிறுத்தி விசாரிக்கவில்லை. கருவுற்ற பெண்ணுக்குத் தெருவெல்லாம் கர்ப்பிணிகள் தெரிவார்கள். வீடு கட்டத் தொடங்கியவருக்கு ஊரில் உள்ள ஜன்னல் கம்பி எல்லாம் கண்ணில் படும். எதைத் தேடுகிறோமோ அது எண்ணிக்கையில் பெருகியதுபோல் தோன்றும். அமெரிக்க மொழியியலாளர் அர்னால்டு ஸ்விக்கி 2005-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். அடிக்கடி வருவதான மயக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

என் பயிற்சிக் காலத்தில் ஆசிரியர் ஒருவர் என் கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, 'இன்று முதல் உன் எண் 83. எங்கே பார்த்தாலும் குறித்துக்கொள்' என்றார். 83-க்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் நோட்டு காலியாகவே இருந்தது. பிறகு மருந்து அட்டையில் வந்தது, பால் பாக்கெட்டில் வந்தது, பஸ் டிக்கெட்டின் வரிசை எண்ணில் வந்தது. பத்தாவது நாள் ஒரு நோயாளியின் கோப்பில் 83 என்று பார்த்தபோது உடம்பில் ஒரு கணம் சிலிர்ப்பு ஓடியது. எந்த உறவும் இல்லாத எண்ணுக்கே அந்தச் சிலிர்ப்பு என்றால், அப்பாவின் பெயராகவே இருந்த எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்? நீங்களும் இரண்டு வாரம் 47-க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்து இரண்டையும் குறித்து வாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், நோட்டை நம்புங்கள்.

இதற்காக 47-ஐப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 'அப்பா' என்று மனத்துக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டு போங்கள். அந்த நினைவு உங்கள் சொத்து. நினைவு வருவது ஒன்று, செய்தி வருவது வேறொன்று. இந்த இரண்டும் கலந்துவிட்டதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

காகத்துக்கு வருகிறேன். காரியம் முடியும்வரை வீட்டில் தினமும் காலையில் காகத்துக்குச் சோறு வைத்திருப்பீர்கள். பிறகு அமாவாசைதோறும் வைத்திருப்பீர்கள். ஒருவேளை காரியம் முடிந்த பிறகும் மனம் கேட்காமல் தினமும் வைத்துக்கொண்டிருக்கலாம். காகம் அபாரமான நினைவாற்றல் உள்ள பறவை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, பின் பறக்க விட்டார்கள். பிறகு பல வருடங்கள் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. அந்த இனம் வேறு, நம் வீட்டுக் காகம் வேறு என்றாலும் இரண்டும் ஒரே குடும்பம். உங்கள் முகம் அந்தக் காகத்துக்குத் தெரியும். ஏழரை மணியும் தெரியும். அது உங்களையே பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மைதான். சோறு வைக்கிற கையைப் பார்க்கிறது.

ஆகவே காகம் வருவதைத் தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது, காரணம் நீங்கள்தான். அப்பாவுக்காக நீங்கள் வைத்த சோறு அந்தப் பறவையை வரவழைத்தது. நம் முன்னோர் இறந்தவர் பெயரால் ஏதாவது ஓர் உயிருக்கு உணவு வைக்கச் சொன்னதில் இந்த அருமை இருக்கிறது: துக்கப்படுகிறவரின் ஜன்னலுக்குத் தினமும் ஓர் உயிர் வந்து நிற்கும். வைத்துக்கொண்டே இருங்கள்.

தற்செயல் என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டும். பள்ளியில் படித்த மூன்றாம் வேற்றுமை நினைவிருக்கிறதா? ஆல், ஓடு இரண்டும் அதன் உருபுகள். 'காற்றால் கதவு அசைந்தது' என்றால் காற்று காரணம். 'அப்பாவோடு சந்தைக்குப் போனேன்' என்றால் இருவரும் சேர்ந்து போனது மட்டுமே செய்தி. இந்த இரண்டாவது பொருளுக்கு நன்னூல் வைத்திருக்கும் பெயர் உடனிகழ்வு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இந்த உருபுகளால் சொல்லிப் பாருங்கள். காக்கை உட்கார்ந்ததால் பழம் விழவில்லை, உட்கார்ந்ததோடு விழுந்தது. நம் மனம் 'ஓடு' வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'ஆல்' போட்டுப் படிக்கத் துடிக்கும். உங்கள் கடிதத்தில் உள்ள குழப்பத்தில் முக்கால் பங்கு அதுதான்.

சுவிட்சர்லாந்தின் மனமருத்துவர் கார்ல் யுங் இந்த 'ஓடு'வில்தான் பல வருடங்கள் மனத்தைக் கொடுத்திருந்தார். 'ஆல்' இல்லாமல், வெறும் 'ஓடு'வாக வருகிற சில நிகழ்வுகளும் ஒருவருக்கு ஆழ்ந்த பொருளைத் தர முடியும் என்று அவர் நம்பினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் இன்று பலர் வாயில் புழங்கும் சிங்க்ரானிசிட்டி. பொருளுள்ள உடனிகழ்வு என்று தமிழில் சொல்லலாம். 1952-இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் வோல்ஃப்காங் பௌலியின் கட்டுரையோடு ஒரே நூலாக அவருடைய விளக்கம் வெளிவந்தது. அதில் அவர் சொல்லும் வண்டுக் கதை புகழ்பெற்றது. சிகிச்சைக்கு வந்த ஓர் இளம்பெண். நிறையப் படித்தவர், எதையும் தர்க்கத்தால் மடக்கிவிடுவார், சிகிச்சை நகரவே இல்லை. ஒருநாள், யாரோ தனக்குப் பொன்வண்டு வடிவில் ஒரு நகை கொடுத்ததாகக் கனவு கண்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் கண்ணாடியில் லேசாகத் தட்டும் சத்தம். யுங் எழுந்துபோய்த் திறந்தார். உள்ளே பறந்து வந்ததைக் கையால் பிடித்தார். பொன் கலந்த பச்சை நிற வண்டு. 'இதோ உங்கள் வண்டு' என்று அதை அவரிடம் கொடுத்தார். அன்றோடு அந்தப் பெண்ணின் இறுக்கம் தளர்ந்தது என்று எழுதுகிறார்.

அந்த வகை வண்டு ஐரோப்பாவில் கோடையில் சாதாரணமாகத் திரிவதுதான். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம், யுங் ஜன்னலைத் திறந்த இடம். திறக்காமலும் இருந்திருக்கலாம், பூச்சி என்று விட்டிருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வண்டு எந்தக் கட்டளையும் இடவில்லை. இன்னாரைக் கட்டிக்கொள், இந்த வேலையை விடு என்று சொல்லவில்லை. மூடியிருந்த ஒரு மனத்தைக் கொஞ்சம் திறந்ததோடு அதன் வேலை முடிந்தது. இதே யுங், 483 தம்பதிகளின் ஜாதகங்களை எடுத்து, திருமணத்துக்கும் கிரக நிலைக்கும் பொருத்தம் தெரிகிறதா என்று எண்ணிப் பார்த்தார். முதல் 180 தம்பதிகளிடம் பளிச்சென்று ஏதோ தெரிந்தது. எண்ணிக்கை கூடக் கூட அது கரைந்து சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை. பொருளுள்ள உடனிகழ்வை எண்ணிக் காட்டி நிரூபிக்க முடியாது என்பதற்கு அவரையே நான் சாட்சியாக வைப்பேன்.

அப்படியென்றால் அந்தத் தொலைபேசி அழைப்பு? உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை திரும்பிப் படித்த இடம் அதுதான்.

கணக்குக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பீர்கள். விசிலுக்குப் பதிலாக அவருடைய மூக்குக்கண்ணாடி கையில் இருந்தபோது மணி அடித்திருந்தாலும், தோல்பையைத் தடவிக்கொண்டிருந்தபோது அடித்திருந்தாலும், காக்கிச் சட்டையை முகர்ந்தபோது அடித்திருந்தாலும் இதே கடிதத்தை எனக்கு எழுதியிருப்பீர்கள். பொருந்தக்கூடிய வாய்ப்பு ஒன்று என்று நினைக்கிறோம், உண்மையில் அது ஐம்பது அறுபது. அழைத்தவர் அப்பாவின் பழைய பயணியாக இல்லாமல் அவருடைய நண்பராக, பழைய ஓட்டுநராக இருந்திருந்தாலும் போதும். 23 பேர் கூடிய ஓர் அறையில் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல் என்பது கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் ஒன்றாக இருப்பது அரிது, யாரோ இருவருக்கு இருப்பது அரிதல்ல. பெர்சி டயகோனிஸ், ஃபிரடெரிக் மோஸ்டெல்லர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1989-இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்கள்: போதுமான அளவு நிகழ்ச்சிகள் நடந்துகொண்டே இருந்தால், நம்ப முடியாதது எதுவும் எங்கோ யாருக்கோ நடக்கும். அன்று அது உங்களுக்கு நடந்தது.

கணக்கு இவ்வளவுதான் சொல்லும். அந்த நொடி ஏன் என்பதற்கு அதனிடம் இதற்கு மேல் பதில் கிடையாது. என்னிடமும் கிடையாது. ஆனால் உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. 47 இத்தனை மாதமாக உங்களுக்கு என்ன கொண்டுவந்தது? இன்னொரு 47-ஐ. அதற்குப் பிறகு இன்னொன்றை. அந்த அழைப்பு கொண்டுவந்தது ஒரு மனிதரை. உங்களுக்குத் தெரியாத அப்பாவை அறிந்த ஒரு மனிதர். பாதியில் நின்ற ஒரு மழை நாள். ஆலோசனை அறையில் நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: ஒரு நிகழ்வு உங்களை வேறொரு மனிதரிடமோ, தள்ளிப்போட்ட ஒரு வேலையிடமோ, மறந்துபோன ஓர் உண்மையிடமோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றால் அதற்கு மதிப்புக் கொடுங்கள், அது எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். தன்னையே மறுபடி மறுபடிக் காட்டிக்கொண்டிருப்பது பழக்கம். அதற்குக் கணக்கு நோட்டு போதும்.

நம்மிடம் இதற்குப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, விரிச்சி. முல்லைப்பாட்டில் அந்தக் காட்சி வரும். தலைவன் போருக்குப் போயிருக்கிறான், கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. வயது முதிர்ந்த பெண்கள் மாலையில் ஊர் எல்லைக்குப் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைகூப்பி, ஏதாவது நல்ல சொல் காதில் விழுமா என்று காத்து நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் இளங்கன்றைப் பார்த்து, 'கோவலர் பின்னே ஓட்டிவர, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்' என்கிறாள். குளிருக்குத் தோளில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண் கன்றிடம் சொன்ன சொல் அது. முதுபெண்கள் அதை நற்சொல்லாக எடுத்துக்கொண்டு போய்த் தலைவியிடம் சொல்கிறார்கள், உன் தலைவன் வருவான், கலங்காதே என்று. தலைவியோ அதைக் கேட்ட பிறகும் அழுகையை நிறுத்தவில்லை. இந்த இடத்தில்தான் அந்தப் புலவர்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. நற்சொல் கிடைத்தது உண்மை, அவள் கண்ணீர் நிற்காததும் உண்மை. விரிச்சி துக்கத்தைத் தீர்த்துவிடும் என்று அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடிவந்த முதுபெண்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள்.

பயப்பட வேண்டிய அடையாளங்களையும் எழுதாமல் விட முடியாது, உங்களுக்காக இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காகவோ. கல்லூரி மாணவன் ஒருவனை அவன் தாய் அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) வண்டி எண்கள், செய்தி வாசிப்பவரின் புடவை நிறம், எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளின் வரிசை என எல்லாம் தன்னைப் பற்றிப் பேசுவதாக அவனுக்குத் தெரிந்தது. 'இல்லாமலும் இருக்கலாமோ?' என்று நான் கேட்டபோது என்னை இரக்கத்தோடு பார்த்தான், இவ்வளவு தெளிவானது இவருக்குப் புரியவில்லையே என்று. பத்து நாளாக அவன் தூங்கவில்லை. வீட்டில் அருள் வந்திருப்பதாக நினைத்து மூன்று மாதம் கடத்திவிட்டார்கள். ஜெர்மானிய மனமருத்துவர் கிளாஸ் கோன்ராட் 1958-இல், மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் எல்லாவற்றிலும் பொருள் தெரியத் தொடங்கும் இந்த நிலையை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மாணவன் இன்று மருந்தோடு படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். ஆனால் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

உங்களுக்கும் அவனுக்கும் உள்ள தூரம் பெரிது. நீங்கள் 'தற்செயலா?' என்று கேட்கிறீர்கள். அவனால் கேட்க முடியவில்லை. உங்களுக்கு வருவது அப்பாவின் நினைவு. அவனுக்கு வந்தது உத்தரவு. என்றாலும் தூக்கம் கெட்டுக்கொண்டே போனால், சாப்பாடு இறங்காவிட்டால், அடையாளங்கள் மிரட்டவோ இதைச் செய் என்று ஏவவோ தொடங்கினால், ஊரே உங்களைப் பற்றிப் பேசுவதுபோல் தோன்றினால் உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக வீடு. விலை 47 லட்சம் என்றதும் உங்களுக்கு இரண்டு பொருள் தோன்றியிருக்கிறது: விற்கச் சொல்கிறார், தடுக்கிறார். இரண்டும் ஒரே எண்ணிலிருந்து. உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே வாயால் சொல்வதை வைத்து யாராவது கிரயம் எழுதுவார்களா? வாங்க வருகிறவர் பேரம் பேசி 46-க்குக் கேட்டால் அப்பா மனம் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்வீர்களா? உங்கள் அப்பா 31 வருடம் கணக்குத் தவறாமல் டிக்கெட் கிழித்தவர். மகளிடம் ஒன்று சொல்ல நினைத்திருந்தால் இப்படி இரட்டை அர்த்தத்தில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஊகிப்பது இது, தவறென்றால் மன்னியுங்கள். உங்களுக்கு அந்த வீட்டை விற்க மனம் இல்லை. தம்பியிடம் அதைச் சொல்லவும் துணிவில்லை, அவன் தேவை நியாயமானது என்று தெரிகிறது. அதனால் சொல்ல வேண்டிய பொறுப்பை அப்பாவிடம் ஒப்படைக்கப் பார்க்கிறீர்கள். அவரை அந்தச் சங்கடத்திலிருந்து விடுவியுங்கள். தம்பியிடம் நேராக, 'எனக்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் வேண்டும். இன்னும் அந்த வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை' என்று சொல்லுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று கேளுங்கள். வங்கியில் இருப்பவர் நீங்கள், கல்விக் கடன் பற்றி உங்களைவிட யார் அவனுக்கு நன்றாக எடுத்துச் சொல்ல முடியும்? அந்த மாதத்துக்குள் ஓர் இரவு அந்த வீட்டில் தங்குங்கள், முடிந்தால் தம்பியோடு. காலையில் எழும்போது விற்கலாம் என்று தோன்றினாலும் சரி, வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, அது உங்கள் முடிவாக இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த அம்மாளின் எண் உங்கள் கைப்பேசியில் இன்னும் இருக்கும். வயதானவர். தேடிப் பிடித்து அழைத்த வீட்டில் சாவுச் செய்தி கேட்டு, எதிர்முனையில் அழுகை கேட்டு, இணைப்பும் அறுந்துபோய் ஒரு மாதமாக என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழையுங்கள். வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. விசிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அன்று மழையில் என்ன நடந்தது என்று முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள்.